தறி மிதிக்கிற காலுக்கு எந்த ஃபின்?

காலை பத்து ஐம்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. நான் எடுக்கவில்லை.

கை முழுக்கச் சாம்பல். ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில் ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூல், முடிந்து அடுத்த பாவு ஏற வேண்டிய நாள் அது. நானும் என் ஓரகத்தி ரேணுகாவும் எதிரெதிரே உட்கார்ந்து, பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தோம். சாம்பலைத் தொட்டு, இரண்டு பட்டிழைகளையும் சேர்த்து விரலுக்கிடையில் ஓர் உருட்டு, அவ்வளவுதான். ஆனால் கைவாகு பிடித்த பிறகு எழுந்தால் அது திரும்பி வர வெகுநேரம் ஆகும். அதனால் எழவில்லை. என் மகள் பவித்ராவுக்கு என்மேல் உள்ள நிரந்தரப் புகாரே இதுதான். “எங்கம்மாவுக்குப் போன் எதுக்கு? எடுக்கவே மாட்டாங்க” என்பாள்.

மறுபடி அடித்தது.

“அக்கா, அது பாட்டுக்கு கத்திகினே கீது. எடுத்துட்டு வாங்க, நூலு எங்கயும் ஓடிடாது,” என்றாள் ரேணுகா.

எடுத்தேன். பாண்டிச்சேரியிலிருந்து ஏழுமலை. நம் டைவிங் மையத்தின் படகை ஓட்டுகிறவர்.

“அக்கா, ஒக்காந்துகினு பேசுங்க. பாப்பாவும் உங்க கொழுந்தனாரும் மேல வந்தாங்க. வந்தத கூட எறங்கின சென்னைக்காரரு பாத்தாரு. இப்ப காணல.”

உபகரண அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி மையத்தில் கேட்டிருந்தார்கள். அந்த அறையில் பல வருடம் இருந்தவள், ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்துவிட்டவள் என்பதால் கேட்டார்கள். உப்புத் தண்ணீரைக் கழுவுவது, நிழலில் காயவைப்பது, பட்டை அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். அதற்கு நான் வேண்டாம். நான் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதிலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. இப்போதெல்லாம் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமையலறைக்குக்கூடப் போகிறேன். எழுத்தில் கோர்வை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாஸ்கரைச் சொல்ல வேண்டும். பாஸ்கர் என் கணவரின் தம்பி, ரேணுகாவின் கணவர். பட்டு நெய்கிறவர். நெசவு வேலையில் ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு பாவு முடிந்து அடுத்தது ஏறும்வரை கிடைக்கும் நாட்கள்தான் விடுமுறை. அந்த இடைவெளிகளில் மட்டும் அவர் பாண்டிச்சேரிக்குப் போய் பவித்ராவிடம் டைவிங் கற்றார். பவித்ரா அங்கே பயிற்சியாளர் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பாவு முடிந்தபோது நீச்சல் குளம். அடுத்த பாவு முடிந்தபோது கரையோரக் கடல். இந்தப் பாவு முடிந்ததும் முதல்முறையாகப் படகில் ஏறி நடுக்கடலுக்கு. “சித்தப்பா, ஜல்தியா நெய்ங்க, அடுத்த பாடம் காத்துகினு கீது” என்று இவள் போனில் விரட்டுவாள். அவரும் அந்த விரட்டலுக்கு ஏற்ப நெய்வார்.

அதற்கு முந்தைய வாரம் பவித்ரா வீட்டுக்கு வந்தபோது மூன்று ஜோடி ஃபின், காலில் மாட்டிக்கொண்டு நீந்துகிற துடுப்பு, கொண்டுவந்திருந்தாள். நீச்சல் குளத்தில் மையத்தின் நடுத்தரமான ஃபின்னைப் போட்டபோது அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம். “அம்மா, நீயே பாத்து ஒண்ணு முடிவு பண்ணு, நான் சொன்னா சித்தப்பா கேக்க மாட்டாரு” என்றாள்.

மூன்றையும் கூடத்தில் வரிசையாக வைத்தோம். ஒன்று கறுப்பு, நீளம், விறைப்பு. ஒன்று நடுத்தரம். மூன்றாவது மஞ்சள், குட்டை, இதழ் மெத்தென்று வளையக்கூடியது, நடுவில் ஒரு பிளவு. பார்த்ததும் அவர் கறுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அண்ணி, இதான் நல்லா கீது. வீடியோல எல்லாம் இதைத்தான் மாட்டிகினு போறாங்க.”

“மாட்டிகினு அந்தப் பெஞ்சுல குப்புறப் படு, தம்பி. தண்ணியில இருக்கற மாதிரி காலை அடி.”

படுத்தார். அடித்தார். வாசலில் நான்கு பேர் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தலையை உள்ளே நீட்டி, “இன்னா பாஸ்கரு, தறிய கடல்ல போட்டு நெய்யப் போறியா?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. பாஸ்கரின் கால் நெய்துகொண்டுதான் இருந்தது. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பவருக்கு இடுப்பு அசையக் கூடாது, அசைந்தால் நெசவு கெடும். முழங்காலை மடக்கி, விரல் நுனியால் அழுத்தி, விட்டு, அடுத்த காலை அழுத்த வேண்டும். சின்ன வயதிலிருந்து அந்தக் கால் அதை மட்டும்தான் செய்திருக்கிறது. நீந்துவதற்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். இடுப்பிலிருந்து வீச வேண்டும், முழங்கால் அதிகம் மடங்கக் கூடாது. விறைப்பான நீண்ட ஃபின்னை மாட்டிக்கொண்டு மிதிபலகை மிதிப்பதுபோல் மிதித்தால் அது ஆளை முன்னே தள்ளாது. தண்ணீரின் எடை முழுவதும் கெண்டைக்காலில் வந்து விழும். மெத்தென்ற ஃபின் அந்தத் தவறான மிதியையும் பொறுத்துக்கொள்ளும். வேகம் கிடைக்காது, ஆனால் கால் பிழைக்கும்.

பாதத்தையும் பார்த்தேன். செருப்பைத் தவிர எதையும் அறியாத பாதம், முன்பக்கம் அகலமாக விரிந்திருந்தது. முழுப் பாதத்தையும் கவ்விப் பிடிக்கிற வகை அவருக்கு விரலை நசுக்கிவிடும். குதிகாலில் பட்டை போட்டு இறுக்குகிற வகைதான் சரி, உள்ளே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் அந்த வகை.

“மஞ்சள்தான் உனக்கு,” என்றேன்.

“இது பொம்பளைங்க போடறது அண்ணி.”

“ஏன், பொம்பளைங்க போட்டா கடலு உள்ள விடாதா?” என்றாள் ரேணுகா.

“அதில்ல. மஞ்சக் காலோட போனா மீனெல்லாம் சிரிக்கும்.”

“மீனு சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி. உன் காலு இழுத்துக்காம இருந்தா போதும்.”

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மஞ்சளை வாங்கிக்கொண்டார். பவித்ரா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பற்றிப் பேசுவார்கள். நீரோட்டம் இருக்குமா, அலை இருக்குமா, அதற்குத் தகுந்த மாதிரி கெட்டியான ஃபின்னாகக் கொடுங்கள் என்பார்கள். பயந்தவர்கள் எல்லாரும் பெரிய ஃபின்னைத்தான் கேட்பார்கள். பிள்ளையை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கப்போகும் பெற்றோர் இன்னும் பெரியதாகக் கேட்பார்கள். அவர்கள் கடலைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் காலைப் பாருங்கள். படி ஏறி வரும்போது முழங்கால் எப்படி மடங்குகிறது, நிற்கும்போது எந்தக் காலில் எடை விழுகிறது, என்ன வேலை செய்து பழகிய கால் அது என்று பாருங்கள்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஏழுமலை பதற்றத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னதை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான். படகு நங்கூரம் போட்டு நின்றிருந்தது. பவித்ரா, பாஸ்கர், சென்னையிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர் என்று மூன்று பேர் ஒன்றாக இறங்கினார்கள். மேலே வந்தபோது நீரோட்டம் இறங்கிய நேரத்தைவிட வலுத்திருந்தது. படகுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி வந்து எழும்பினார்கள். இன்னொரு குழு இன்னும் தண்ணீருக்கடியில் இருந்ததால் படகு நங்கூரத்தை எடுக்க முடியாது. “நீங்க போய் போட்டுக் கயித்தைப் புடிச்சுக்கங்க சார், நாங்க இருக்கோம்” என்று பவித்ரா சென்னைக்காரரை அனுப்பினாள். அவர் வந்து சேர்ந்துவிட்டார். ஏறித் திரும்பிப் பார்த்தபோது, பவித்ரா பாஸ்கருக்குக் கரையைச் சுட்டிக்காட்டுவது தெரிந்ததாம். பிறகு அலை மறைத்துவிட்டது. அடுத்த குழு மேலே வந்து, நங்கூரம் ஏறி, படகு அந்த இடத்துக்குப் போனபோது இருவரும் அங்கே இல்லை. சுற்றிச் சுற்றித் தேடியும் தென்படவில்லை.

“ஒரு போட்டுதான் கீதுக்கா. கடலோரக் காவலுக்குச் சொல்லியாச்சு, மீன் புடிக்கிற போட்டுங்களுக்கும் சொல்லிகிறேன். அவங்க வர நேரமாவும். சென்னைக்காரரு சொல்றத பாத்தா, பாப்பா உங்க கொழுந்தனாரை இழுத்துகினு கரையாண்ட நீந்துது. நான் கரைப் பக்கமா போவட்டா? இல்ல தண்ணி போற பக்கமா வடக்க போவட்டா? ஆபீஸ்ல கேட்டேன். ஃபின்னு குடுத்தது நீங்க, உங்களைக் கேக்கச் சொல்றாங்க. அவரால கரை வரைக்கும் நீந்த முடியுமாக்கா?”

ரேணுகா என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவளிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை.

கரைப் பக்கம் போ என்றுதான் வாயில் வந்தது. பிள்ளை கடலில் இருக்கும்போது கரையைத் தவிர வேறு திசை தாய்க்குத் தோன்றாது. அது மட்டுமில்லை. பவித்ராவின் காலில் இருந்தது நல்ல விறைப்பான ஃபின், அவள் இடுப்பிலிருந்து வீசி நீந்துகிறவள். தனியாக என்றால் அவள் கரையேறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். 'அவள் மட்டும் வந்துவிட்டால்' என்ற ஒரு நினைப்பு வந்தது. எதிரே ரேணுகா நின்றுகொண்டிருந்தாள். அந்த நினைப்பை அங்கேயே விட்டேன்.

உபகரண அறையில் ஒருவர் அளவு தெரியாமல் நிற்கும்போது என்ன செய்வோமோ அதைச் செய்தேன். கேள்வி கேட்டேன்.

“ஏழுமல, சென்னைக்காரரு கால்ல இன்னா ஃபின்னு?”

“சொந்த ஃபின்னுக்கா. நீளமா, கெட்டியா, கறுப்பு.”

“வந்து ஏறும்போது எப்படி இருந்தாரு?”

“அய்யோ, நாக்கு தள்ளிப் போச்சு. ஏறி வாந்தி எடுத்தாரு. நாங்க ரெண்டு பேர் தூக்கிப் போட்டோம்.”

நல்ல உடற்கட்டு உள்ளவர், நல்ல நீச்சல்காரர் என்று பவித்ரா முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவர், அந்த ஃபின்னோடு, அந்தத் தூரத்துக்கே வாந்தி எடுத்தார். பாஸ்கரும் மஞ்சள் ஃபின்னும் அந்தத் தண்ணீரை எதிர்த்து ஓர் அடிகூட எடுத்துவைத்திருக்க முடியாது. அதைக் குறுக்காக வெட்டிக் கரைக்குப் போயிருக்கவும் முடியாது.

“அவர்கிட்ட ஒண்ணு கேளு. பவித்ரா நீந்தறத பாத்தாரா, கையக் காட்டறத மட்டும் பாத்தாரா?”

ஏழுமலை கேட்டார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அந்த மனிதரின் குரல் உடைந்து உடைந்து வந்தது. “கையத்தான் பார்த்தேன். சாரி மேடம், நான் அங்கயே இருந்திருக்கணும்...”

“உங்க மேல தப்பில்ல சார். அவ சொன்னத செஞ்சீங்க. ஏறினதே பெரிசு,” என்றேன். அந்த நேரத்தில் அவரைத் தேற்றியது நல்ல மனதால் மட்டுமில்லை. பதறுகிறவரின் கண்ணில் கண்டது கலங்கிப்போகும். எனக்கு அவருடைய கண் இன்னும் தேவைப்பட்டது.

கை காட்டியதற்கு வேறு காரணம் உண்டு என்பது எனக்குத் தெரியும். புதியவர்கள் மேலே வந்ததும் அலையைப் பார்த்துப் பயப்படுவார்கள், வயிற்றைப் புரட்டும். அப்போது பவித்ரா கரையிலுள்ள ஏதாவதொன்றை, ஒரு தண்ணீர்த் தொட்டியையோ கோபுரத்தையோ காட்டி, “அதையே பாத்துகினு இருங்க, அலைய பாக்காதீங்க” என்பாள். எத்தனையோ பேருக்கு அவள் அப்படிச் செய்து நான் படகிலிருந்து பார்த்திருக்கிறேன். கரைக்குப் போகலாம் என்பதற்காக அல்ல, பயத்தை நிறுத்துவதற்காகக் காட்டிய கை அது.

ஒரு குழுவின் வேகம் அதில் மெதுவான காலின் வேகம்தான். என் மகள் அந்தக் காலை விட்டுவிட்டு வர மாட்டாள். இழுத்துக்கொண்டு போகவும் முயல மாட்டாள், இருவரும் களைத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மிதவைச் சட்டையை ஊதிக்கொண்டு, தூரத்திலிருந்து தெரியும்படி ஆரஞ்சு நிற அடையாளக் குழாயை ஊதி நிமிர்த்திக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, மிதப்பார்கள்.

“வடக்க போ,” என்றேன்.

“உறுதியாவா அக்கா?”

“வடக்க போ ஏழுமல. அவங்களைக் கடைசியா பாத்த எடத்துல ஒரு மிதவைச் சட்டைய அரைவாசி ஊதி, வெயிட்டு பெல்ட்டக் கட்டி தண்ணியில போடு. ஆளுங்க மாதிரியே அதுவும் மெதக்கும், அது போற வழியில போ. ஆரஞ்சுக் குழாயத் தேடு.”

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு உறுதி இல்லை. ஆனால் கேட்கிறவரிடம் ஒரே ஒரு படகுதான் இருக்கிறது. 'வடக்கேதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் ஒருவேளை' என்று நான் இழுத்தால் அவர் பாதி வடக்கேயும் பாதி கரைக்குமாகப் போவார். எங்கேயும் போய்ச் சேர மாட்டார். தெரிந்ததை எல்லாம் கேட்டுக்கொண்ட பிறகு ஒரு சொல்லாகச் சொல்லுங்கள். சந்தேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது கனமாகத்தான் இருக்கும்.

என் கணவர் கடையிலிருந்து ஓடிவந்து காரை எடுத்தார். வந்தவாசி வழியாகத் திண்டிவனம் போய், அங்கிருந்து பாண்டிச்சேரி. நானும் ஏறிக் கதவைச் சாத்திவிட்டேன். பிறகு இறங்கினேன்.

“என்னங்க, நீங்க போங்க. வழியில சிக்னல் விட்டு விட்டு வரும். அவரு திரும்ப ஏதாவது கேட்டா நான் பேசணும்.”

“பைத்தியமா நீ? கொழந்த அங்க...”

“அதனாலதான் சொல்றேன்.”

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் எது என்று கேட்டால், வடக்கே என்று சொன்னதைச் சொல்ல மாட்டேன். அந்தக் காரிலிருந்து இறங்கியதைத்தான் சொல்வேன்.

உள்ளே வந்தபோது ரேணுகா பாவின் முன்னால் உட்கார்ந்து மறுபடி இழை பிணைத்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். கைப்பேசியை இருவருக்கும் நடுவில், சாம்பல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். அடிக்கவில்லை. நான் அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கரையிலிருந்து தள்ளிப் போயிருப்பார்கள் என்று புரிந்தது. வடக்கே போகிறார்கள் என்றும் புரிந்தது.

ரேணுகா இழையிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள்.

“அக்கா. அந்தக் கறுப்பு ஃபின்னக் குடுத்திருந்தா, சென்னைக்காரரு மாதிரி இவரும் ஏறியிருப்பாரு இல்ல?”

பெஞ்சில் படுக்கவைத்துப் பார்த்தேனே, முழங்காலைப் பார்த்தேனே என்பதெல்லாம் அவள் முன்னால் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவளுடைய கணவர் கேட்டதைக் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்தவள் நான். அது மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“தெரியலம்மா,” என்றேன்.

அவள் ஓர் இழையை முறுக்கினாள். அது நிற்கவில்லை. மறுபடி முறுக்கினாள்.

“ஏறியிருக்க மாட்டாரு,” என்றாள். “மாடிப்படி ஏறும்போதுகூட அவரு தறி மிதிக்கிறாப்பலதான் ஏறுவாரு. கல்யாணம் ஆன புதுசுல கோயில் படியில நான் பின்னால நடந்து வந்து சிரிச்சிகினே இருந்தேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பல் கையோடு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். படவேட்டு அம்மனிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அக்கம்பக்கத்தில் செய்தி பரவி வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரோ காபி கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கைப்பேசி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தேன்.

“அக்கா!” ஏழுமலை கத்தினார். “ஆரஞ்சுக் கொழா தெரிஞ்சுதுக்கா! ரெண்டு பேரும் போட்டுல கீறாங்க! நல்லா கீறாங்க! வடக்க ரொம்ப தூரம் போயிட்டிருந்தாங்க, நீங்க சொன்ன சட்டையும் அதே வழியிலதான் போச்சு!”

வாசலில் சத்தம் கிளம்பியது. ரேணுகா போனைப் பிடுங்கினாள்.

“அண்ணே, அவரு கால்ல ஃபின்னு கீதா?”

“கீதும்மா. கயட்டுங்கன்னா கயட்ட மாட்டேன்னு ஒக்காந்துகினு கீறாரு.”

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தறிக்கட்டையில் தலையைச் சாய்த்து அழுதாள். நான் அழவில்லை. அன்றைக்கு அழவில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம், மளிகைக் கடையில், புளி வாங்கிக்கொண்டிருக்கும்போது அழுதேன்.

மருத்துவமனையில் காட்டி, ஒன்றும் இல்லை, வெயிலும் களைப்பும்தான் என்று சொன்ன பிறகு என் கணவர் இருவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கார் தெருவுக்குள் வந்தது.

முதலில் பாஸ்கர் இறங்கினார். முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, கண்ணைச் சுற்றி டைவிங் கண்ணாடியின் வெள்ளை வட்டம். கக்கத்தில் மஞ்சள் ஃபின்கள். டிக்கியில் வைக்கச் சொல்லியும் கேட்காமல் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

படியில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் எழுந்து கேட்டார்: “இன்னாடா, மீனு சிரிச்சுதா?”

“சிரிச்சுது. பக்கத்துல வந்து பாத்துட்டுச் சிரிச்சுது.”

ரேணுகா போய் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்தது. பிறகு, “போய் மூஞ்சி கழுவு, சாப்பாடு ஆறிப்போவுது” என்றாள்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். அந்த ஃபின்களை இரண்டு கையாலும் நீட்டினார், ஏதோ பிரசாதம் போல.

“அண்ணி, காலு இழுத்துக்கவே இல்ல. அலை மூஞ்சில அடிக்கும்போதெல்லாம் சும்மா மெதுவா மிதிச்சுகினே இருந்தேன். தறியில ஒக்காந்தா மாதிரி.”

நான் தலையை ஆட்டினேன். என் கண் அவருக்குப் பின்னால் போய்விட்டது.

பவித்ரா காரின் மறுபக்கக் கதவைத் திறந்து மெதுவாக இறங்கினாள். தலைமுடி உப்பில் விறைத்துப்போயிருந்தது. நேரே வந்து என் தோளில் நெற்றியை வைத்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் விட்ட மறுநாள் இப்படித்தான் வைப்பாள்.

“வடக்கப் போவச் சொன்னது யாரும்மா?”

“நான்தான்.”

“தெரியும்,” என்றாள். தோளில் வைத்த தலையை எடுக்கவில்லை. “தூரத்துல போட்டு வர்றது தெரிஞ்சப்பவே சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன், 'பயப்படாதீங்க சித்தப்பா, அம்மா போன எடுத்துட்டாங்க'ன்னு.”